பிரேஸ் பூட்டினால் கார் நன்றாகத் திரும்புமா?

ஸ்போர்ட்ஸ் காரின் உடற்கூட்டை இறுக்குவதற்காகக் கூடுதலாகப் பூட்டப்படும் குழாய், பட்டை, தகடு எல்லாவற்றுக்கும் பொதுப்பெயர் பிரேஸ். எஞ்சின் அறையில் இரண்டு சஸ்பென்ஷன் கோபுரங்களையும் குறுக்காக இணைப்பது ஸ்ட்ரட் பார். காரின் அடியில் சப்ஃபிரேமையும் தரைச் சட்டங்களையும் பிணைப்பவை அடிப் பிரேஸ்கள். இருக்கைக்குப் பின்னால், டிக்கிக்குள், கதவு வாசலுக்குக் கீழே என்று இவை போகாத இடம் குறைவு. இவற்றை விற்பவர்கள் மூன்று பலன்களைச் சொல்வார்கள்: உடல் விறைப்பாகும், ஸ்டீயரிங் கூர்மையாகும், வளைவில் வேகம் கூடும். முதலாவது பெரும்பாலும் உண்மை. இரண்டாவது சில கார்களில் உண்மை. மூன்றாவது, அதற்கென்று சில நிலைமைகள் கூடிவந்தால் மட்டுமே உண்மை. அந்த நிலைமைகள் எவை என்பதில்தான் கேள்வியின் சாரம் இருக்கிறது.

சஸ்பென்ஷனை வடிவமைப்பவர், அது பிடித்துக்கொண்டிருக்கும் உடல் அசையாத பாறை என்று வைத்துக்கொண்டுதான் கணக்குப் போடுகிறார். உண்மையில் எந்த உடலும் பாறை இல்லை. முன்சக்கரம் ஒன்று மேட்டில் ஏறும்போது காரின் முன்பாதி ஒரு பக்கமும் பின்பாதி மறுபக்கமும் திருகிக்கொள்ளும், ஈரத்துணியைப் பிழிவதுபோல. இந்தத் திருகலை எதிர்க்கும் வலுதான் முறுக்கு விறைப்பு. பின்பக்கத்தை அசையாமல் பிடித்து, முன்பக்கத்தை ஒரு டிகிரி திருக எத்தனை நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை வேண்டும் என்று அதை அளக்கிறார்கள். 1996-இல் வந்த லோட்டஸ் எலிஸின் அலுமினியச் சட்டகம் 70 கிலோவுக்கும் குறைந்த எடையில் டிகிரிக்கு ஏறத்தாழ 10,000 நியூட்டன் மீட்டர் தந்தது. மெக்லாரன் எஃப்1 காருக்கு 13,500 என்றும் புகாட்டி சிரோனுக்கு 50,000 என்றும் சொல்லப்படுகிறது. கண்ணாடி பொருத்தி அளந்ததா, வெற்றுக்கூட்டை அளந்ததா என்பதைப் பொறுத்தே எண் வெகுவாக மாறிவிடும் என்பதால், இரு நிறுவனங்களின் எண்களைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவது அவ்வளவு நியாயமல்ல.

தொடக்ககாலக் கார்களில் இந்த நெகிழ்வைக் குறையாக யாரும் பார்க்கவில்லை. ஏணி வடிவச் சட்டமும் இறுக்கமான பட்டை ஸ்பிரிங்குகளும் கொண்ட அந்தக் கார்களில், சட்டம் வளைந்துகொடுப்பதே சஸ்பென்ஷனின் பாதி வேலையைச் செய்தது. பந்தயக் கார்களில் திருப்பம் 1962-இல் வந்தது. காலின் சாப்மன் வடிவமைத்த லோட்டஸ் 25, குழாய்ச் சட்டகத்தைக் கைவிட்டு அலுமினியத் தகடுகளால் தொட்டிபோல் கட்டிய உடலோடு ஓடியது. அதே ஆண்டின் லோட்டஸ் 24-இன் குழாய்ச் சட்டகத்தைவிட அது ஏறத்தாழ மூன்று மடங்கு விறைப்பு, எடையோ பாதி. உடல் திருகாது என்ற உறுதி கிடைத்ததால் சாப்மனால் மென்மையான ஸ்பிரிங்குகளைத் துணிந்து வைக்க முடிந்தது. உடலை இறுக்குவதன் முதல் பயன் கார் கடினமாவதல்ல, சஸ்பென்ஷனை மென்மையாக வைத்துக்கொள்ள இடம் கிடைப்பது என்பதை இன்றைய பிரேஸ் விளம்பரங்கள் பெரும்பாலும் மறந்துவிடுகின்றன.

வளைவில் பிடிப்பு எப்படி மாறுகிறது என்பதைக் கணக்காகவே பார்க்கலாம். கார் திரும்பும்போது உள்பக்கச் சக்கரங்களின் சுமை வெளிப்பக்கத்துக்கு மாறுகிறது. அந்த மாற்றத்தில் முன்பக்கம் எவ்வளவு, பின்பக்கம் எவ்வளவு ஏற்கிறது என்பதே காரின் சமநிலையைத் தீர்மானிக்கிறது. முன்பக்கம் கூடுதலாக ஏற்றால் முன்டயர்கள் முதலில் வழுக்கி, கார் வளைவுக்கு வெளியே அகன்று போகும். பின்பக்கம் கூடுதலாக ஏற்றால் வால் வெளியே வீசும். ஸ்பிரிங்குகளையும், கார் சாய்வதை எதிர்க்கும் ஆன்டி-ரோல் பார்களையும் மாற்றுவதன் நோக்கமே இந்தப் பங்கைத் திருத்துவதுதான். ஆனால் முன் ஆன்டி-ரோல் பார் செய்யும் வேலை பின்பக்கத்துக்குத் தெரியவேண்டுமானால் நடுவில் இருக்கும் உடல் அந்தச் செய்தியைக் கடத்த வேண்டும். நடுவுடல் ரப்பராக இருந்தால் முன்பக்கமும் பின்பக்கமும் தத்தம் சுமையைத் தனித்தனியே தாங்கிக்கொள்ளும். எந்தத் திருத்தமும் எடுபடாது.

எடையைச் சரிபாதியாகப் பகிர்ந்த ஒரு சாலைக் காரை எடுத்துக்கொள்வோம். சாய்வை எதிர்க்கும் வலு முன்பக்கம் டிகிரிக்கு 600 நியூட்டன் மீட்டர், பின்பக்கம் 400. உடல் முழுப் பாறையாக இருந்தால் சுமை மாற்றத்தில் முன்பக்கத்தின் பங்கு 60 சதவீதம். உடலின் முறுக்கு விறைப்பு 6,000 என்றால் அந்தப் பங்கு 59.6 சதவீதம். பிரேஸ்களை அடுக்கி விறைப்பை இரட்டிப்பாக்கி 12,000 ஆக்கினால் 59.8. அத்தனை இரும்பும் செலவும் சேர்ந்து தந்தது 0.2 சதவீதப் புள்ளி. டயர் காற்றழுத்தத்தைக் கொஞ்சம் மாற்றினாலே சமநிலையை இதைவிடக் கூடுதலாக அசைத்துவிடலாம்.

அதே காரைப் பந்தயத்துக்குத் தயார்செய்து ஸ்பிரிங்கும் பாரும் ஐந்து மடங்கு கடினமாக்கப்பட்டால் கதை வேறு. இப்போது முன்பக்கம் 3,000, பின்பக்கம் 2,000. உடல் 6,000 என்றால் முன்பக்கத்தின் பங்கு 58.3 சதவீதம், 12,000 என்றால் 59.1. நைந்துபோன, 2,000 மட்டுமே தாங்கும் திறந்த உடல் என்றால் 56.3-க்கு இறங்கிவிடும். அந்த நிலையில் ஓட்டுநர் முன் ஆன்டி-ரோல் பாரை எவ்வளவு தடித்ததாக மாற்றினாலும் கார் எதிர்பார்த்த அளவு பதில் சொல்லாது. ஆக, விறைப்பு எவ்வளவு என்ற எண் தனியே எதையும் சொல்வதில்லை. ஸ்பிரிங்கின் விறைப்போடு ஒப்பிட்டால் உடல் எத்தனை மடங்கு என்பதே பொருட்டு. சாலை ஸ்பிரிங்கில் ஓடும் நவீன மூடிய கார்களில் அந்த விகிதம் ஏற்கெனவே தாராளமாக இருக்கிறது. ஒட்டும் டயரும் கடின ஸ்பிரிங்கும் மாட்டியபின் அது சுருங்குகிறது.

கூரையில்லாத கார்களுக்கு இந்த ஆறுதல் கிடையாது. மூடி போட்ட அட்டைப்பெட்டியை இரு கைகளால் திருகினால் முரண்டு பிடிக்கும். மூடியை எடுத்துவிட்டால் அதே அட்டை துணிபோல் திருகிக்கொள்ளும். கூரையை வெட்டுவதும் அதுதான். பிஎம்டபிள்யூ இஸட்3 ரோட்ஸ்டருக்குக் கூரை போட்டு கூப்பே ஆக்கியபோது, பெரும்பாலும் அதே அடித்தளத்தில் முறுக்கு விறைப்பு இரண்டரை மடங்குக்கு மேல் உயர்ந்தது. எந்தக் கடையில் வாங்கும் பிரேஸும் இதன் பக்கத்தில் வராது. 1970-இல் வந்த ட்ரையம்ப் ஸ்டாக், முன்கண்ணாடிச் சட்டத்தையும் இருக்கைக்குப் பின்னுள்ள வளையத்தையும் ‘டி’ வடிவில் ஒரு குழாயால் இணைத்தது. பார்வைக்கு அது பாதுகாப்பு வளையம்போல் இருந்தாலும், முன்பக்க நடுக்கத்தை அடக்குவதும் அதன் வேலைதான்.

அந்த நடுக்கத்துக்குக் காரணம் அதிர்வெண்களின் நெருக்கம். சக்கரமும் அச்சும் சேர்ந்து துள்ளும் அதிர்வெண் நொடிக்கு 10 முதல் 15 வரை. மூடிய நவீன உடலின் முதல் முறுக்கு அதிர்வு இதைவிட வெகு உயரத்தில் இருக்கும். திறந்த உடலில் அது 15, 20-க்கு இறங்கிவந்து சக்கரத் துள்ளலோடு கைகோத்துக்கொள்கிறது. கரடான சாலையில் ஸ்டீயரிங் தண்டும் உள்கண்ணாடியும் உதறுவது அதனால்தான். இங்கே பிரேஸ் தரும் பலனுக்குக் கணக்கு வேண்டாம். கண்ணே காட்டிவிடும், உள்கண்ணாடியில் பின்னால் வரும் வண்டி மங்காமல் தெரியும். மஸ்டா எம்எக்ஸ்-5 நல்ல சான்று. 1989-இல் அறிமுகமான அந்தக் காருக்கு, 1.8 லிட்டர் எஞ்சின் வந்த 1994 மாடலில் மஸ்டாவே முன்னும் பின்னும் அடிப் பிரேஸ்களையும் இருக்கைக்குப் பின்னால் ஒரு குறுக்குச் சட்டத்தையும் சேர்த்தது. தயாரித்தவரே பூட்டிய பிரேஸை வெறும் விளம்பரம் என்று தள்ளிவிட முடியாது.

பிரேஸ்களில் பெயர்பெற்றது ஸ்ட்ரட் பார்தான். பானெட்டைத் திறந்ததும் கண்ணில் படுகிறது, பத்து நிமிடத்தில் பூட்டிவிடலாம், பளபளப்பாகவும் இருக்கிறது. ஆனால் அது என்ன விசையைத் தாங்குகிறது என்று பார்ப்பவர் குறைவு. மெக்ஃபர்சன் ஸ்ட்ரட் கொண்ட காரில் வெளிச்சக்கரத்துக்குத் தரை 4,000 நியூட்டன் பக்கவிசை தருகிறது என்று கொள்வோம். கீழ் மூட்டு தரையிலிருந்து 20 சென்டிமீட்டர் உயரத்திலும், கோபுர உச்சி அதற்கு 65 சென்டிமீட்டர் மேலேயும் இருந்தால், உச்சியில் விழும் பக்கவிசை சுமார் 1,230 நியூட்டன். அதனால் கோபுரம் அரை மில்லிமீட்டர் நகர்ந்தால் சக்கரத்தின் சாய்வுக் கோணமான கேம்பர் 0.04 டிகிரி மாறும். அதே வளைவில் கார் சாய்வதால் மட்டும் கேம்பர் ஒரு டிகிரிக்கு மேல் மாறிவிடும் என்பதை நினைத்தால் இந்த 0.04 கணக்கிலேயே வராது. மூட்டுகளின் ரப்பர் புஷ்கள் நசுங்குவது இதைவிடக் கூடுதல்.

இன்னொரு சூட்சுமமும் உண்டு. இடது வளைவோ வலது வளைவோ, இரு கோபுரங்களும் ஒரே திசையில்தான் தள்ளப்படுகின்றன. இரண்டையும் குறுக்கே இணைக்கும் ஒற்றைக் குழாய், அவை சேர்ந்து ஒருபக்கம் சாய்வதைத் தடுக்காது. அதிகம் தள்ளப்படும் கோபுரத்தின் சுமையில் ஒரு பகுதியை மற்றதற்குப் பகிர்ந்து கொடுப்பதோடு சரி. தடுக்கவேண்டுமானால் கோபுரங்களை எஞ்சினுக்குப் பின்னுள்ள தடுப்புச்சுவரோடு பிணைத்து முக்கோணம் ஆக்க வேண்டும். ஃபோர்டு இதை 1960-களிலேயே அறிந்திருந்தது. சாதாரண மஸ்டாங்கில் கோபுரங்களிலிருந்து சுவருக்கு இரண்டு தனித்தனிப் பட்டைகள் போயின. கரடான சாலைகள் உள்ள நாடுகளுக்கு ஏற்றுமதியான கார்களில் அதற்குப் பதில் ஒரே துண்டாக அழுத்திய முக்கோணத் தகடு வந்தது. ‘எக்ஸ்போர்ட் பிரேஸ்’ என்ற பெயரே அதில் பிறந்ததுதான். மஸ்டாங்கிலிருந்து உருவான 1965-இன் ஷெல்பி ஜிடி350 அந்தத் தகட்டோடு, மான்டி கார்லோ ராலியில் ஓடிய ஃபோர்டு ஃபால்கன்களின் நினைவாக ‘மான்டி கார்லோ பார்’ எனப்பட்ட குறுக்குக் குழாயையும் சேர்த்துக்கொண்டது. முக்கோணமும் குறுக்குக் குழாயும் சேர்ந்திருப்பதே சரியான ஜோடி. குறுக்குக் குழாயை மட்டும் எடுத்துக்கொண்டு முக்கோணத்தை விட்டுவிட்டவை இன்று விற்கும் மலிவுப் பார்களில் பல.

குழாயின் வடிவமும் சும்மா இல்லை. 25 மில்லிமீட்டர் விட்டமும் ஒன்றரை மில்லிமீட்டர் சுவரும் கொண்ட நேரான ஒரு மீட்டர் எஃகுக் குழாய், 1,200 நியூட்டன் விசைக்கு 0.05 மில்லிமீட்டர் அளவே சுருங்கும். எஞ்சின் இடிக்கிறது என்று அதை நடுவில் 5 சென்டிமீட்டர் மேலே வளைத்துச் செய்தால், அதே விசைக்கு 0.65 மில்லிமீட்டர். அதாவது பன்னிரண்டு மடங்கு தளர்ச்சி. முனைகளில் போல்ட் கீல் வைத்த பார்கள் இன்னும் மோசம். எம்எக்ஸ்-5-இன் முதல் இரு தலைமுறைகளில் வேறொரு சங்கதி: அங்கே சக்கரத்தைப் பிடிக்கும் இரட்டை விஷ்போன் கைகள் சப்ஃபிரேமில் பூட்டப்பட்டவை, கோபுரம் ஸ்பிரிங்கையும் டாம்பரையும் மட்டுமே தாங்குகிறது. கேம்பரைக் காக்க அந்தக் கோபுரங்களுக்கு முன் ஸ்ட்ரட் பார் போடுவது, பக்கச்சுமையே வராத சுவருக்கு முட்டுக்கொடுப்பது போன்றது.

கண்ணுக்குத் தெரியாத அடிப் பிரேஸ்களுக்குத்தான் உண்மையில் பலன் கூடுதல். 1979 முதல் 1993 வரை வந்த ‘ஃபாக்ஸ்’ தலைமுறை மஸ்டாங்கில் முன்சட்டங்களும் பின்சட்டங்களும் நடுவில் ஒன்றோடொன்று சேராமல் தரைத்தகட்டோடு முடிந்துவிடும். அவற்றை நீளவாக்கில் பற்றவைத்து இணைக்கும் சப்ஃபிரேம் கனெக்டர், விடுபட்ட எலும்பைச் சேர்ப்பதற்கு ஒப்பு. ஜாக்கியில் தூக்கும்போதே வித்தியாசம் தெரியும். இதிலிருந்து கிடைக்கும் விதி எளிது: விசை ஏற்கெனவே போகும் பாதையில் ஓட்டை இருந்தால் அதை அடைக்கும் பிரேஸ் வேலை செய்யும், பாதைக்கு வெளியே பூட்டியது எடைதான். போல்ட்டைவிடப் பற்றவைப்பும், பற்றவைத்த ஒற்றைப் புள்ளியைவிட மடிப்பு நெடுகப் போடும் வெல்டும், நான்கு முனைகளிலும் இறுக்கிய தட்டையான தகடும் அதிகம் தருகின்றன. பந்தயக் கார்களின் ரோல் கேஜ், ஓட்டுநரைக் காப்பதோடு நான்கு சஸ்பென்ஷன் முனைகளையும் கூடு போலப் பிணைப்பதால், விறைப்பில் எல்லா பிரேஸ்களையும் மிஞ்சிவிடுகிறது.

தயாரிப்பாளர்கள் விறைப்பைக் கூட்டும்போது அவர்களின் வழி வேறு. 1989-இல் பந்தய ஓட்டுநர் அயர்டன் சென்னா சுசுகா தடத்தில் ஹோண்டா என்எஸ்எக்ஸ் மாதிரிக் காரை ஓட்டிவிட்டு அது கொஞ்சம் மெலிவாகத் தோன்றுவதாகச் சொன்னதும், ஹோண்டா அதை நூர்பர்க்ரிங்குக்குக் கொண்டுபோய் உடல் விறைப்பை 50 சதவீதம் அளவுக்கு உயர்த்தியதும் பலமுறை எழுதப்பட்ட சம்பவம். சுபாரு பிஆர்இஸட், டொயோட்டா ஜிஆர்86 ஜோடியின் 2021 தலைமுறையிலும் முறுக்கு விறைப்பு 50 சதவீதம் கூடியதாக நிறுவனங்கள் சொல்கின்றன. ஆனால் அங்கே சட்டங்களின் குறுக்குவெட்டு, தகடுகளின் பிணைப்பு, ஸ்பிரிங், டாம்பர், டயர் எல்லாம் ஒன்றாகத் திருத்தப்பட்டன. புதிய கார் நன்றாகத் திரும்புகிறது என்பதைக் காட்டி, பழைய காருக்கு ஒரு பிரேஸ் விற்பது தர்க்கப் பிழை.

விறைப்பு கூடக்கூட நல்லது என்ற எண்ணத்துக்கும் எதிர்ச்சான்றுகள் இருக்கின்றன. கோ-கார்ட்டில் சஸ்பென்ஷனே கிடையாது. சட்டகம் வளைந்து உள்பின்சக்கரத்தைத் தூக்கினால்தான் அது திரும்பும். மோட்டார் சைக்கிள் பந்தயத்தில் 2009-இல் கார்பன் ஃபைபர் சட்டகத்தைக் கொண்டுவந்த டுகாட்டி, முன்சக்கரத்தின் உணர்வு கிடைக்கவில்லை என்ற புகாருக்கு நடுவே 2012-க்குள் அலுமினியத்துக்கு மாறியது. கார்களிலும் சுபாருவின் எஸ்டிஐ பிரிவு, நடுவில் உருண்டை மூட்டு வைத்த ஸ்ட்ரட் பாரை விற்கிறது: பக்கவாட்டில் விறைப்பு, மேலும் கீழும் நெகிழ்வு. யமஹா இன்னொரு திசையில் போனது. அதன் பெர்ஃபார்மன்ஸ் டாம்பர், இரும்புக் கம்பிக்குப் பதில் உடலின் இரு புள்ளிகளுக்கு இடையே ஷாக் அப்சார்பர் போன்ற ஒன்றைப் பூட்டுகிறது. பிரேஸ் உடலின் அசைவைக் குறைக்கும், ஆனால் அசைந்ததன் ஆற்றலை உறிஞ்சாது. மணியை இறுக்கிக் கட்டினாலும் அது வேறொரு சுரத்தில் ஒலிக்கத்தான் செய்யும். டாம்பர் அந்த ஒலியை அணைக்கிறது. 2011-இல் விற்பனைக்கு வந்த லெக்ஸஸ் சிடி200எச் காரில் இது தொழிற்சாலையிலேயே பொருத்தப்பட்டது.

அப்படியானால் பிரேஸ் பூட்டியவர்கள் ஏன் உடனே வித்தியாசம் தெரிகிறது என்கிறார்கள்? பாதி காரணம் உண்மையானது: ஸ்டீயரிங்கைத் திருப்பியதும் கார் பதில்சொல்லும் கணத்தில், நடுங்கும் தகடுகள் அடங்கிப்போவதை மனித உடல் நுட்பமாக உணரும். தடத்தில் நேரத்தைக் குறைக்காத மாற்றம்கூட ஓட்டுநருக்கு நம்பிக்கையைத் தரலாம். மறுபாதி, காசு கொடுத்த மனம். வித்தியாசத்தைச் சோதிக்க ஒரே வழி, பூட்டியிருக்கிறதா இல்லையா என்று ஓட்டுநருக்குச் சொல்லாமல், ஒரே டயரில், ஒரே வெப்பத்தில், மாற்றி மாற்றிப் பல சுற்றுகள் ஓட்டவைப்பது. பிரேஸ் பூட்டிய அதே நாளில் அலைன்மென்ட்டும் பார்த்துக்கொண்டு புகழை பிரேஸுக்குக் கொடுப்பதே நடைமுறையில் அதிகம் நடக்கிறது.

இழப்புகளும் உண்டு. ஒவ்வொரு பிரேஸும் சில கிலோ எடை. இரு கோபுரங்களைப் பிணைத்த காரில் ஒரு சக்கரம் நடைபாதை விளிம்பில் மோதினால், சேதம் மறு கோபுரத்துக்கும் போகலாம். ஓரிடத்தை இறுக்கினால் நெகிழ்வு அடுத்த பலவீனமான இடத்துக்கு நகர்ந்து அங்கே விரிசல் விடலாம். பழைய கார்களில் துருப்பிடித்த வாசற்சட்டத்தை விட்டுவிட்டு மேலே பார் பூட்டுவது வீண். துருவை வெட்டி எடுத்துப் பற்றவைப்பதே முதல் பிரேஸ். காரைத் தூக்கி நிறுத்திய நிலையில் போல்ட்களை முறுக்கினால், தொங்கும் வடிவத்திலேயே உடல் பூட்டப்பட்டுவிடும். சக்கரங்கள் தரையில் நின்று எடை இறங்கியபின்தான் கடைசி முறுக்கு.

ஆகவே தீர்ப்பு காருக்குக் கார் மாறும். திறந்த கார், நைந்த பழைய உடல், கடின ஸ்பிரிங்கும் பந்தய டயரும் மாட்டிய தடக் கார் ஆகிய மூன்றுக்கும் விசைப்பாதையில் அமையும் அடிப் பிரேஸும் முக்கோணப் பிரேஸும் காசுக்குத் தகும். சாலை ஸ்பிரிங்கில் ஓடும் புதிய மூடிய காரில் அதே பணம் முதலில் டயருக்கும், அடுத்து அலைன்மென்ட்டுக்கும், டாம்பருக்கும், புஷ்களுக்கும் போவதே முறை. தன் கார் எந்தப் பக்கம் என்று தெரியாதவருக்கு ஒரு சோதனை உண்டு. சமதரையில் காரை நிறுத்தி, முன்மூலை ஒன்றைச் சக்கரம் தரையை விடும்வரை ஜாக்கியால் தூக்கி, அந்தப் பக்கக் கதவைத் திறந்து மூட வேண்டும். இடைவெளி மாறாமல் கதவு வழக்கம்போல் மூடினால் பிரேஸுக்கு அவசரமில்லை. கதவு இடித்தால், ஸ்ட்ரட் பார் வாங்கப் போவதற்கு முன் காரின் அடியில் படுத்துப் பார்க்க வேண்டும்.